ஆச்சி பெட்டியில் கிடைத்த கிறிஸ்மஸ் விளக்குகள்

தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கத்தில் ஆச்சி வீட்டைப் பிரித்துக் கட்டுவதற்காகப் பரணை ஒழித்தபோது ஒரு தகரப் பெட்டி கிடைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். உள்ளே கிளி, திராட்சைக் குலை, தாடி வைத்த கிறிஸ்மஸ் தாத்தா என்று உருவம் உருவமாக 11 குட்டி பல்புகள், நூல் சுற்றிய பழைய வயர், அதோடு நீலம், சிவப்பு, தேன் நிறத்தில் 4 கண்ணாடிக் கிண்ணங்கள். இது நிஜமாகவே பழசா, வருகிற கிறிஸ்மஸுக்கு எரியவிடலாமா, விலை போகுமா, இதையே தொடர்ந்து சேர்க்க ஆசையாக இருக்கிறது, எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் இரண்டு விஷயம். அந்த வயரைப் பிளக்கில் சொருகாதீர்கள். அந்த பல்புகளை ஈரத்துணியால் துடைக்காதீர்கள். இந்த இரண்டையும் இதுவரை செய்யவில்லை என்றால் பாதிச் சொத்து தப்பித்தது.

இதை அடித்துச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் அப்பா பாளையங்கோட்டையில் ரேடியோ செட் கடை வைத்திருந்தார். கல்யாணம், கோயில் கொடை, சர்ச் பண்டிகை எதுவானாலும் குழாய் ஸ்பீக்கரும் சீரியல் செட்டும் கடையிலிருந்து சைக்கிளில் போகும். அந்தக் காலத்துச் சீரியல் செட்டைக் கடையிலேயே கட்டுவோம். 6.3 வோல்ட் குட்டி பல்புகளை 36, 37 என்று ஒன்றன் பின் ஒன்றாகப் பற்றவைத்தால் 230 வோல்ட்டை அவை தமக்குள் பங்கு போட்டுக்கொள்ளும். ஒன்று போனால் வரிசை முழுக்க அணைந்துவிடும். போனது எது என்று தேடிப் பிடிப்பது என் வேலை. அரைக்கால் சட்டை வயதில் படித்த இந்தக் கணக்கை, தலை நரைத்த பிறகு மறந்தேன். 8 பல்பு கொண்ட அமெரிக்க செட் ஒன்று கைக்கு வந்த சந்தோஷத்தில், பிளக்கை மாற்றி நேரே சுவரில் சொருகிவிட்டேன். அதில் ஒவ்வொன்றும் 15 வோல்ட் பல்பு. எட்டுப் பதினைந்து 120. அமெரிக்க வீட்டு மின்சாரம் அவ்வளவுதான். நம்மூர் 230 பாய்ந்ததும் எட்டும் சேர்ந்து ஒரு வெள்ளை மின்னல் அடித்து அடங்கின. என் வீட்டம்மா அடுக்களையிலிருந்து "என்ன, இடி விழுந்துட்டா?" என்று கேட்டாள். அத்தனை வருஷம் பத்திரமாக இருந்ததை அரை நொடியில் கொன்றேன். அந்த எட்டையும் இன்னும் தூக்கிப் போடவில்லை, மேசையிலேயே இருக்கின்றன.

ஈரத்துணி விஷயமும் அதே மாதிரிதான். அந்த உருவ பல்புகளின் வண்ணம் கண்ணாடிக்குள் இல்லை, மேலே தூரிகையால் தீட்டியது. பலவற்றில் அந்தச் சாயம் தண்ணீர் பட்டாலே வழண்டு வந்துவிடும். அப்புறம் உங்கள் கிளி வெறும் வெள்ளைக் கோழிக்குஞ்சு ஆகிவிடும். காய்ந்த மெல்லிய பிரஷ், கண் மை தீட்டுவதற்கு வைத்திருப்பார்களே அந்த அளவில், அதுவே போதும்.

சரி, இவை எவ்வளவு பழசு? மரத்தில் மின்விளக்கு போட்ட முதல் ஆள் என்று எட்வர்ட் ஜான்சனைச் சொல்வார்கள். எடிசனோடு சேர்ந்து தொழில் செய்தவர். 1882 டிசம்பரில் நியூயார்க்கில் தன் வீட்டு மரத்தில் சிவப்பு, வெள்ளை, நீலமாக 80 பல்புகளைக் கட்டி, மரத்தையே சுழலவிட்டார். ஆனால் அதற்கு வீட்டிலேயே மின்சாரமும் தனியாக ஒரு வயர்மேனும் வேண்டும். சாதாரண மனிதர்களுக்கு அது கதைதான். 1903இல் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி முன்கூட்டியே கோத்த சரங்களை விற்க ஆரம்பித்தது. அதுவும் பணக்கார வீடுகளுக்குத்தான் கட்டுப்படியானது.

உங்கள் கிளி, திராட்சை வகைக்கு வேர் வியன்னாவில். 1909 வாக்கில் அங்கே கிரெமனெட்ஸ்கி என்ற கம்பெனி பழம், பூ, மிருகம் என்று அச்சில் ஊதிக் கையால் வண்ணம் தீட்டி விற்றது. அவை தெளிந்த கண்ணாடி. முதல் உலகப்போருக்குப் பிறகு ஜப்பான்காரர்கள் இந்தத் தொழிலைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களும் முதலில் தெளிந்த கண்ணாடியில்தான் செய்தார்கள். வண்ணம் உரிந்த இடத்தில் உள்ளிருக்கும் கம்பியும் வெளிச்சமும் பல் இளித்ததால் பால் கண்ணாடிக்கு மாறினார்கள். அதில் வண்ணம் கொஞ்சம் போனாலும் உறுத்தாது, வெளிச்சமும் சீராகப் பரவும். உங்கள் கிளியின் அலகிலோ வாலிலோ சாயம் உரிந்த ஓரிடம் கட்டாயம் இருக்கும். அங்கே பால் மாதிரி வெள்ளை தெரிந்தால் ஜப்பான் சரக்கு; இரண்டு போர்களுக்கும் நடுவில், இல்லையென்றால் இரண்டாம் போர் முடிந்த கையோடு செய்தது.

அடுத்து, ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து, பல்பின் அடியில் திருகுகிற பித்தளை மரையின் விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். எழுத்து இருந்தால் அதுதான் ஜாதகம். அமெரிக்காவுக்குப் போகும் சரக்கில் எந்த நாட்டில் செய்தது என்று போட வேண்டும் என்பது 1891லிருந்து சட்டம். 1921 வரை 'நிப்பான்' என்று போட்டு வந்தார்கள், அதற்கப்புறம் 'ஜப்பான்' என்றே போடச் சொன்னார்கள். பெட்டியில் 'ஆக்குப்பைட் ஜப்பான்' என்று இருந்தால் அந்நியப் படை ஜப்பானில் இருந்த காலம், 1952க்கு முன்னால். தகரப் பெட்டிக்குள் கிழிந்த அட்டை, லேபிள் துண்டு ஏதாவது கிடந்தால் குப்பையில் போட்டுவிடாதீர்கள். பல்பை விட அது அரிது.

பல்பின் நுனியையும் கவனியுங்கள். கூரிய மூக்கு மாதிரி ஒரு கண்ணாடித் துளி நீட்டிக்கொண்டிருந்தால், காற்றை உறிஞ்சி எடுத்து அங்கேதான் உருக்கி அடைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மூக்கு உள்ளது பெரும்பாலும் மூத்தது. 1920களில் அடைப்பை மரைக்குள் மறைக்கும் முறை பரவிவிட்டது. உள்ளே இழை தெரிந்தால், கொண்டை ஊசி போலத் தடித்த வளையமாக இருப்பது கரி இழை. கூந்தல் போல மெலிந்து கோணல்மாணலாக ஓடுவது டங்ஸ்டன்.

உயிர் இருக்கிறதா என்று பார்க்க மல்டிமீட்டர் போதும். மரையில் ஒரு முனை, அடிப்பொட்டில் ஒரு முனை. டங்ஸ்டன் குளிர்ந்திருக்கும்போது மின்தடை மிகக் குறைவாகக் காட்டும்; எரியும்போது பத்து மடங்குக்கு மேல் ஏறும். கரி இழை இதற்கு நேர் எதிர், சூடேறினால் தடை இறங்கும். அதனால் மீட்டர் காட்டும் எண்ணைப் பார்த்துப் பயப்படாதீர்கள், முள் அசைந்தால் சரி. ஆசை அடங்கவில்லை என்றால் ஒரு 9 வோல்ட் பேட்டரியைத் தொட்டுப் பாருங்கள். 15 வோல்ட் பல்பு அதில் செங்கல் நிறத்தில் மங்கலாக எரியும். இருட்டறையில் அந்தக் கிளியின் வயிறு மட்டும் சிவக்கும்போது நானும் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்துவிடுவேன். 15 வோல்ட் பல்பு எட்டும் உயிரோடு உள்ள செட் என்றால், 230ஐ 110 ஆக்கும் ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து, புது வயரில் எரியவிடலாம். உங்கள் பெட்டி வயரில் மட்டும் வேண்டாம். நூலுக்குள் இருக்கும் ரப்பர் இத்தனை வருஷத்தில் முறுக்கு மாதிரி ஆகியிருக்கும். வளைத்தால் நொறுங்கும், கம்பி வெளியே தெரியும். அதைச் சுருட்டி அப்படியே பெட்டியில் வையுங்கள். ஒரு எச்சரிக்கை: எல்லாம் 15 வோல்ட் என்று எண்ண வேண்டாம். இங்கிலாந்து செட்டுகள் 20 பல்பு, ஆளுக்கு 12 வோல்ட், மொத்தம் 240 என்று வந்தன. மரையில் வோல்ட் போட்டிருந்தால் அதை நம்புங்கள்.

ஜப்பான் பல்பு நாசரேத்துக்கு எப்படி வந்தது என்று கேட்பீர்கள். எனக்குத் தெரிந்த வழி கொழும்பு. தூத்துக்குடியிலிருந்து கப்பல் ஏறிக் கொழும்பில் கடை வைத்தவர்கள் இல்லாத ஊர் நம் சீமையில் குறைவு. பண்டிகைக்கு வரும்போது பெட்டியில் சோப்பும் பிஸ்கட் டின்னும் இப்படிச் சில விளையாட்டுச் சாமான்களும் வரும். இங்கே ஊரில் மின்சாரம் இருந்ததா என்பது வேறு விஷயம். பாபநாசம் நீர்மின் நிலையமே 1944இல்தான் ஓட ஆரம்பித்தது. செம்மணல் தேரிக்காட்டு ஊர்களுக்குக் கம்பம் நட்டு முடிக்க மேலும் பல வருஷம். ஆகவே உங்கள் ஆச்சி காலத்தில் இந்தக் கிளி ஒருநாளும் எரியாமலே இருந்திருக்கலாம். எனக்குக் கிடைத்த சில பல்புகளின் கழுத்தில் தையல் நூல் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. சவுக்குக் கிளையைத் தொட்டியில் நட்டு, அதில் பொம்மையாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். உங்களுடையதிலும் நூல் இருந்தால் அவிழ்க்காதீர்கள்.

குமிழி விளக்கு என்று ஒன்று உண்டு. உங்களிடம் இல்லை, ஆனாலும் சேர்க்க ஆரம்பித்தால் எதிரே வரும். மெழுகுவர்த்தி மாதிரி ஒரு கண்ணாடிக் குழாய், அதற்குள் நிறத் திரவம், அடியில் பல்பு. சூடு ஏறினால் குழாய்க்குள் குமிழி குமிழியாகப் பொங்கும். அமெரிக்காவில் நோமா கம்பெனி 1946இல் இறக்கியது. உள்ளே இருப்பது மெத்திலீன் குளோரைடு, 40 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும். நம்மூர் அக்கினி நட்சத்திரத்தில் தகரக் கூரைக்கு அடியில் வைத்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். உடைந்தால் அந்த ஆவி உடம்புக்கு நல்லதில்லை. பிள்ளைகள் உள்ள வீட்டில் நான் சிபாரிசு செய்வதில்லை.

இப்போது அந்த 4 கிண்ணங்களுக்கு வருகிறேன். உண்மையைச் சொன்னால், எனக்குப் பொறாமை வந்தது அவற்றைப் படித்தபோதுதான். 'மெழுகுவர்த்தி வைக்கிற கிண்ணம் போல' என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை, அது எண்ணெய் விளக்கு. பல்பு வருவதற்கு முன்னால் கிறிஸ்மஸ் விளக்கு என்றால் இங்கிலாந்தில் இதுதான். கைப்பிடி உயரம், வாய்க்குக் கீழே கழுத்து ஒடுங்கி ஒரு பள்ளம், உடம்பு முழுக்க பலாப்பழ முள் மாதிரி கட்டம் கட்டமான அச்சு. கழுத்துப் பள்ளத்தில் கம்பியைச் சுற்றி வளையம் போட்டு, தோட்டத்து மரங்களிலும் கட்டடங்களின் முகப்பிலும் நூற்றுக்கணக்கில் தொங்கவிடுவார்கள். விக்டோரியா ராணியின் 1887, 1897 ஜூபிலிகளுக்கு இப்படித்தான் ஊர் ஊராக விளக்கேற்றினார்கள். வாணவேடிக்கைக்குப் பேர்போன பிராக்ஸ் கம்பெனியே இந்த விளக்குகளையும் கொடுத்தது. அவர்கள் பெயர் கண்ணாடியிலேயே புடைப்பாக இருக்கும் கிண்ணம் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

எரியவிடும் முறை நம் ஆட்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. முக்கால் கிண்ணம் தண்ணீர், மேலே விரல் கனத்துக்கு எண்ணெய், அதில் தக்கையில் குத்திய திரி மிதக்கும். எண்ணெய் தீர்ந்ததும் திரி தண்ணீரைத் தொட்டு, 'உஸ்' என்று தானாகவே அணையும். கண்ணாடி சூடேறி விரிசல் விடாது, காவலுக்கு ஆள் வேண்டாம். தேங்காய் எண்ணெய் நன்றாக எரியும். அந்த நாளில் கடலோர ஊர்களில் புன்னைக்காய் எண்ணெய்தான் விளக்குக்கு. புகையும், ஆனால் மலிவு. என் அப்பாவைப் பெற்ற ஆச்சி சொல்வார்: கிறிஸ்மஸுக்கு முந்தின ராத்திரி, ஐயர் வீட்டு வராந்தாவில் கொடி கட்டி வரிசையாக இதைத் தொங்கவிட்டிருப்பார்களாம். (ஐயர் என்றால் எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் பேச்சில் சபைக் குருவானவர், வெளியூர்க்காரர்கள் குழம்ப வேண்டாம்.) பிள்ளைகள் அதற்கு அடியில் நின்று, ஒருவன் முகத்தில் நீலம், ஒருத்தி முகத்தில் சிவப்பு என்று பார்த்துச் சிரிப்பார்களாம். சுடர் மேலே, தண்ணீர் கீழே என்பதால் வெளிச்சம் தண்ணீரில் இறங்கி, கட்டங்களில் சிதறித் தரையில் வலை போல விழும். எந்த எல்இடியும் இன்றுவரை அதைச் செய்யவில்லை.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆழ்ந்த நீலம் கோபால்ட் உப்பு, ஊதா மாங்கனீஸ். சிவப்பில்தான் விஷயம் இருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்தால் பழுத்த நாவல் சாறு போல லேசான இளஞ்சிவப்பு அடித்தால், கண்ணாடியில் தங்கம் கலந்திருக்க வாய்ப்புண்டு. அந்தக் காலத்தில் உயர்ந்த சிவப்புக்குத் தங்கம்தான் போடுவார்கள். பச்சையோ மஞ்சளோ எதிர்காலத்தில் கிடைத்தால், ரூபாய் நோட்டுச் சோதிக்கும் புற ஊதா டார்ச்சை அடித்துப் பாருங்கள். யுரேனியம் கலந்த கண்ணாடி என்றால் பச்சையாக ஒளிரும்.

வாய் விளிம்பு கரடுமுரடாக, வெட்டிவிட்ட மாதிரி இருக்கிறதே, உடைந்ததா என்று கேட்டிருந்தீர்கள். பயப்படாதீர்கள். இது மலிவு விலைக்குச் செய்த சாமான், விளிம்பை யாரும் நேரம் செலவழித்து வழவழப்பாக்கவில்லை. வழவழவென்று உருண்ட விளிம்பு, நான்கும் அச்சு அசலாக ஒரே எடை, உள்ளே ஒரு குமிழிகூட இல்லை என்றால்தான் சந்தேகப்பட வேண்டும். அலங்காரத்துக்கென்று புதிதாக அதே கட்ட அச்சில் நிறைய வருகிறது. இன்னொன்று என் அனுபவத்தில் கண்டது. பழைய கண்ணாடியா என்று பார்க்க எல்லோரும் அடியைப் புரட்டித் தேய்மானம் தேடுவார்கள். இது தொங்கிய சாமான், அடி தேயாது. கழுத்தைப் பாருங்கள். கம்பி உரசிய மெல்லிய கீறல் வட்டமும், துருவின் பழுப்பும் அங்கேதான் இருக்கும். அந்தத் துருவைப் புளி போட்டுத் தேய்த்து அழிக்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது.

உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால், கிண்ணத்தைக் கழுவலாம், பல்பு மாதிரி இல்லை. வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் சோப்பு, ஒரு ராத்திரி ஊறல், போதும். கொதிக்கும் தண்ணீரைக் கொட்டினால் அங்கேயே பிளந்துவிடும்.

தொடர்ந்து சேர்க்க எங்கே போவது? முதலில் உறவினர் வீட்டுப் பரண்கள். மெஞ்ஞானபுரம், சாயர்புரம், முதலூர், இடையன்குடி என்று பழைய மிஷன் ஊர்களில் யார் வீட்டைப் பிரிக்கிறார்கள் என்று காதைத் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து காயலான் கடைகள். காயல்பட்டினத்துக்காரர்கள் நடத்தியதால் அந்தப் பெயர் என்பார்கள், நமக்குப் பெருமைதானே. அங்கே கண்ணாடியை யாரும் சீண்ட மாட்டார்கள், பித்தளையும் செம்பும்தான் கணக்கு. ஒருமுறை தூத்துக்குடி ரோட்டில் ஒரு கடையில் நீலக் கிண்ணம் ஒன்றில் ஆணி போட்டு வைத்திருந்தார்கள். விலை கேட்டேன். "ஆணிக்கா, கிண்ணத்துக்கா அண்ணாச்சி?" என்றார் கடைக்காரர். கிண்ணத்துக்கு என்றதும், "அத சும்மா எடுத்துட்டுப் போங்க, ஆணி போட ஒரு டப்பா மட்டும் தாங்க" என்றார். நான் கொடுத்தது ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. சரக்கு உண்டு, ஆனால் அங்கே கடைக்காரருக்கு உங்களைவிட விஷயம் தெரியும். கண்ணாடி உருண்டை அலங்காரம், 'கூகல்' என்று ஜெர்மன் பெயரோடு யாராவது நீட்டினால் உஷார். ஜெர்மனியில் லாவுஷா ஊரில் செய்த அசல்கள் உண்டுதான். இப்போது சுற்றுவதில் பெரும்பகுதி நம் நாட்டிலேயே செய்து, பழசு மாதிரி பித்தளை மூடி போட்டு வெளிநாட்டுக்குப் போனது. போனது திரும்பியும் வருகிறது.

விலை. கிறிஸ்மஸ் தாத்தாவும் திராட்சையும் ஜப்பானில் கணக்கில்லாமல் செய்தவை, அவற்றால் வீடு கட்ட முடியாது. கிளி பரவாயில்லை. சாயம் முக்கால்வாசி இருந்து, உயிரும் இருந்து, அட்டைப்பெட்டியும் இருந்தால்தான் சேர்ப்பவர்கள் கை நீட்டுவார்கள். கிண்ணங்களை வெளிநாட்டுக்காரர் யாராவது நல்ல விலைக்குக் கேட்டால் அவசரப்பட்டு பார்சல் கட்டாதீர்கள். 100 வருஷம் தாண்டிய கைவினைப் பொருள் 1972 தொல்பொருள் சட்டத்தில் வரக்கூடும். அப்படிப்பட்டதைத் தனியாள் நாட்டைவிட்டு வெளியே அனுப்பக் கூடாது. உள்ளூரில் விற்பதற்கு முன்பும், சித்தப்பா பெரியப்பா மக்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பல்புக்கு அல்ல, ஆச்சி பெட்டிக்குச் சண்டை வந்த வீடுகள் எனக்குத் தெரியும்.

பத்திரப்படுத்த முட்டை அட்டையை மிஞ்சியது இல்லை. குழிக்கு ஒரு பல்பு, மேலே பழைய வேட்டித் துணி. பரண் வேண்டாம், கரையானும் வெக்கையும் சேர்ந்தே வரும். இரும்பு பீரோவின் நடுத்தட்டு நல்லது.

நான்கில் தேன் நிறக் கிண்ணத்துக்கு வாயோரம் ஒரு சில்லு போயிருக்கிறது என்று எழுதினீர்களே, சேர்ப்பவர் யாரும் அதை எடுக்க மாட்டார்கள். அதை எரியவிடுங்கள். கழுத்தில் புதுக் கம்பி சுற்றி, 24ஆம் தேதி ராத்திரி திண்ணை உத்தரத்தில் தொங்கவிட்டு, எண்ணெயை முதலில் பாதி விரலுக்கு மட்டும் ஊற்றிப் பாருங்கள். கிறிஸ்மஸ் பாட்டுப் பாடிக்கொண்டு தெருத் தெருவாக வரும் கீத பவனி உங்கள் தெருவுக்கு வர எத்தனை மணி ஆகும் என்று தெரிந்துகொண்டு அளவைக் கூட்டலாம். எங்கள் தெருவுக்கு அவர்கள் 2 மணிக்கு முன்னால் வந்ததே இல்லை, அதனால் நான் ஒரு விரல் ஊற்றுவேன்.